தச்சுப் பழகப் பலகை எங்கே தேடுவது?

நம்ம தோட்டத்தில் படிப்பை விட்ட பிள்ளைகள் சிலர் தச்சு வேலை பழக ஆசைப்படுகிறார்கள். உளியும் வாளும் இரவல் கிடைத்துவிடும். பலகைக்குத்தான் வழியில்லை. மரக்காலையில் தேக்கு, மகோகனி விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்துவிடுகிறார்கள். பழகுகிற கைக்குத் தேக்கு எதற்கு? முதல் பத்துப் பொருத்து எப்படியும் கோணலாகத்தான் வரும்.

முதலில் உங்கள் விறகு அடுக்கைப் பாருங்கள். பழைய தேயிலை மலையைப் பிடுங்கும்போது விறகுக்குக் கிடைக்கிற கட்டை இருக்கிறதே, அது நல்ல இறுக்கமான மரம். மிலாறு அடுப்புக்கே போகட்டும். மணிக்கட்டுத் தடிப்பில் ஓரளவு நேராக உள்ள துண்டுகளை மட்டும் எடுத்து வையுங்கள். அகப்பை, கத்திப்பிடி, உளிப்பிடி செய்யலாம். பச்சைக் கட்டையை வெயிலிலோ அடுப்புக்கு மேலேயோ போட்டால் வெடித்துவிடும். இரண்டு முனையிலும் மெழுகுவர்த்தியை உருக்கிப் பூசி, காற்றுப் படும் நிழலில் அடுக்க வேண்டும். ஒரு அங்குலத் தடிப்புக் காய ஒரு வருடம் என்பார்கள். நடுவால் பிளந்து வைத்தால் வெடிப்பும் குறையும், சீக்கிரமாகவும் காயும்.

அடுத்தது நிழலுக்கு நிற்கிற சவுக்கு. துரைமார் கிரவிலியா என்பார்கள். இழைத்தால் அழகான பூ விழும். அதன் தூள் சிலருக்குச் சொறியைக் கொடுக்கும், கவனம். ஆனால் அது தோட்டத்துச் சொத்து. காற்றுக்கு விழுந்த மரமானாலும் கேட்காமல் தொடக்கூடாது. நான் பார்க்கும் டிவிசன் ஒன்றில் ஒரு பையன் ஸ்டூல் செய்ய விழுந்த கிளையைத் தூக்கிப் போய், விஷயம் பொலிஸ் வரை போனது. தாயும் நானும் அரை நாள் அங்கே நின்றோம். ஒரு துண்டுக் கடிதம் எழுதி ஆபீசில் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாங்க, எழுதித் தருகிறேன். பலா மரம் உங்கள் வாசலிலேயே நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அது.

டவுனில் தச்சுப் பட்டறைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். உடைந்த கட்டில் கால், பழைய கதவு நிலை இன்னும் நல்லது. எப்பவோ காய்ந்த மரம். ஆணியைப் பிடுங்கிவிட்டு வாளை வையுங்கள். சின்னத் துளையும் மாவு போலத் தூளும் கண்டால் உளுத்த மரம், வேண்டாம். மருந்தேற்றாத றப்பர் பலகையும் அப்படித்தான் சீக்கிரம் உளுத்துப் போகும்.

புதுப் பலகை வாங்குவதானால் கணக்கு இதுதான்: 1 அங்குலத் தடிப்பு, 6 அங்குல அகலம், 2 அடி நீளம் உள்ள பலகை 12 சேர்ந்தால் ஒரு கன அடி. கன அடி விலையை 12ஆல் பிரித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குங்கள், வழியில் யாராவது மறித்துக் கேட்டால் காட்டலாம்.