பட்டணத்துத் தெருக்களைப் படித்தேன்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

"கெட்டும் பட்டணம் சேர்" என்பது பழமொழி. அவ்வாறு மழை பொய்த்த ஓர் ஆண்டில் பட்டணம் சேர்ந்தவர் என் தாத்தா. திண்டிவனம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து சென்று, சென்னைக் கொத்தவால் சாவடியில் கைவண்டி இழுத்தார். 1996இல் அச்சந்தை கோயம்பேட்டிற்கு மாற்றப்பட்டபோது ஊர் திரும்பினார். அவருக்கு எழுத்து தெரியாது. ஆயினும் ஜார்ஜ் டவுன் தெருக்களை வரிசை தவறாமல் ஒப்பிப்பார். சென்ற கோடை விடுமுறையில் அத்தெருக்களை நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கே இன்றும் சுமை தூக்கும் என் தாய்மாமனே எனக்கு வழிகாட்டி. கண்டவற்றையும், பின்னர் படித்துத் தெளிந்தவற்றையும் இங்கே தருகிறேன்.

எல்லைக்கல்

கடைகள் திறக்கும் முன்பே பாரிமுனைக்குச் சென்றோம். அங்கே பாரி கட்டடத்தை ஒட்டி ஒரு கல்தூண் நிற்கிறது. விரைந்து செல்வோர் எவரும் அதைக் கவனிப்பதில்லை. முற்காலத்தில் நெசவாளரும் வணிகரும் வாழ்ந்த நகரம் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே இருந்தது. 1758-59இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அவ்வீடுகள் பகைவருக்கு மறைவிடமாயின. ஆகவே ஆங்கிலேயர் பின்னர் அவற்றை இடித்து வெளியாக்கினர். நகரம் வடக்கே நகர்ந்தது. இவ்வெல்லைக்குள் இனி வீடு கட்டலாகாது என்பதற்கு அடையாளமாக 1773இல் ஆறு தூண்கள் நட்டனர். எஞ்சியிருப்பது இது ஒன்றே. எதிரே செந்நிறக் குவிமாடங்களோடு நிற்கும் உயர்நீதிமன்றம் (1892) எழுந்தது அந்த வெளியில்தான்.

அரண்மனை இல்லாத தெரு

அங்கிருந்து வடக்கே தெருக்கள் இணையாக நீள்கின்றன. தம்புச்செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயிலைத் தொழுதோம். அடுத்தது லிங்கிச்செட்டித் தெரு. இவை கம்பெனிக் காலத்து வணிகர்களின் பெயர்கள். அதற்கடுத்த தெருவைத் தாத்தா "அரமனக்காரத் தெரு" என்பார். சிறுவயதில் அங்கே ஓர் அரண்மனை இருப்பதாகவே நான் கனவு கண்டதுண்டு. சென்று பார்த்தால் அரண்மனை எதுவும் இல்லை! ஆங்கிலத்தில் அதற்கு ஆர்மீனியன் தெரு என்று பெயர். ஆர்மீனியர் என்ற சொல்லே மக்கள் நாவில் அரண்மனைக்காரர் ஆயிற்று.

அவர்கள் தொலைதூர ஆர்மீனிய நாட்டு வணிகர்கள். அவர்களுடைய தேவாலயம் 1712இல் முதலில் கட்டப்பட்டது. இன்றுள்ள கட்டடம் 1772இல் எழுந்தது. வாயிலைக் கடந்ததும் தெருவின் இரைச்சல் அடங்கிவிடுகிறது. தரையெங்கும் கல்லறைக் கற்கள். அவற்றில் நமக்குப் புரியாத எழுத்துகள். தனிக் கோபுரத்தில் ஆறு மணிகள். உலகின் முதல் ஆர்மீனிய இதழாகிய 'அஸ்தரார்' 1794இல் அச்சானது அந்நாட்டில் அன்று, இந்தச் சென்னையில்! அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியன் இங்கேதான் துயில்கிறார். நான் கண்ட இடங்களில் மிக அழகியது எதுவென்றால் இம்முற்றத்தையே சொல்வேன்.

அதற்கு வடக்கே பவளக்காரத் தெரு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மத்தியதரைக் கடலின் பவளத்தைக் கொணர்ந்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்ற யூத வணிகர்களின் நினைவு அப்பெயரில் நிற்கிறது. மேற்கே தங்கசாலைத் தெருவோ நாணயம் அடித்த சாலையால் பெயர் பெற்றது.

பெயர் இல்லாதவர்கள்

இறுதியாகக் கொத்தவால் சாவடிக்கு வந்தோம். ஓரிடத்தில் பழைய கைவண்டி ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருந்தது. மாமா அதன் அச்சைத் தொட்டுக் காட்டினார்.

"மாப்ளே, பாரம் முன்னால ஏறினா கை போயிடும். பின்னால ஏறினா ஆளையே தூக்கிடும். உங்க தாத்தா அடுக்கினா வண்டி அப்படியே நிக்கும்."

ஈர்ப்பு மையம் பற்றி முதலாண்டில் படித்தேன். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். அதே பாடத்தைத் தாத்தா தம் தோளால் படித்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

இங்கே ஓர் உண்மையைக் கூற வேண்டும். நான் இக்கல்லூரியில் சேர்ந்த புதிதில், தாத்தா என்ன செய்தார் என்று நண்பர் ஒருவர் கேட்டார். "சென்னையில் வியாபாரம்" என்றேன். அது பொய். வியாபாரிகளின் மூட்டைகளைத்தான் அவர் இழுத்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். அந்த வாயில் வரை என்னை இழுத்து வந்ததும் அவ்வண்டியே.

செட்டியார் பெயரால் தெரு உண்டு. நாயக்கர், முதலியார் பெயரால் தெரு உண்டு. கடல் கடந்து வந்த ஆர்மீனியர் பெயராலும் உண்டு. முந்நூறு ஆண்டுகளாக இத்தெருக்களில் சுமை சுமந்தவர் பெயரை மட்டும் எந்தப் பலகையிலும் நான் காணவில்லை.

ஊர் திரும்பியதும் ஆர்மீனியர் கதையைத் தாத்தாவிடம் சொன்னேன். "அப்படியா சேதி! இருபது வருசமா அந்தத் தெருவுல போயும் அரமன கண்ணுல படலியேன்னு பாத்தேன்" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

நண்பர்களே, விடுமுறையில் எந்தப் பெருநகருக்குச் சென்றாலும் கடற்கரையோடும் கடைவீதியோடும் நின்றுவிடாதீர்கள். பழைய தெரு ஒன்றில் காலையில் நடந்து பாருங்கள். அதன் பெயர்ப்பலகையைப் படியுங்கள். அதன்பின் அங்கே சுமை இறக்கி வைத்து இளைப்பாறுபவரிடம் அவர் பெயரையும் கேளுங்கள்.