விட்ட படிப்பைத் தொட்டவர்கள்

அமெரிக்காவில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். அதன் தலைநகரம் செயின்ட் பால். 1992-ஆம் ஆண்டு அங்கே ஒரு சின்ன உயர்நிலைப் பள்ளி தொடங்கியது. அதன் பெயர் சிட்டி அகாடமி. அமெரிக்காவின் முதல் சார்ட்டர் பள்ளி அதுதான்.

சார்ட்டர் பள்ளி என்றால் என்ன? அது அரசுப் பணத்தில் நடக்கும். மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை. எப்படிக் கற்பிப்பது என்பதைப் பெரும்பாலும் பள்ளியே முடிவு செய்யும். அதற்காக ஓர் ஒப்பந்தம் எழுதித் தரும். சொன்னபடி மாணவர்கள் முன்னேறாவிட்டால் பள்ளியை மூடலாம். மின்னசோட்டாவில் இதற்கான சட்டம் 1991-இல் வந்தது.

சிட்டி அகாடமியைத் தொடங்கியவர்களில் ஒருவர் மைலோ கட்டர் என்ற ஆசிரியை. முதலில் சேர்ந்தவர்கள் சுமார் 35 பேர். படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர்களுக்காகவே அந்தப் பள்ளி.

இப்படிப்பட்ட பள்ளியை நடத்துவது எளிதல்ல. ஒரு முறை படிப்பை விட்டவருக்குப் பள்ளி என்றாலே கசப்பு. ஒரு நாள் வருவார். மறுநாள் வரமாட்டார். வந்தாலும் வாய் திறக்கமாட்டார். தெரியாது என்று சொல்ல வெட்கம்.

தேர்வு வந்தால் இன்னொரு சிக்கல். 20 பேர் எழுதி 2 பேர் தவறினால், நூற்றுக்குப் பத்துப் பேர் தோல்வி என்று கணக்கு வரும். 1,000 பேர் எழுதும் பள்ளியில் அதே 2 பேர் தவறினால் யார் கண்ணிலும் படாது.

ஒருவர் பத்தாம் வகுப்பில் சேருகிறார். ஐந்தாம் வகுப்புப் பாடம்தான் அவருக்குப் படிக்க வருகிறது. ஓர் ஆண்டில் ஏழாம் வகுப்பு அளவுக்கு உயர்கிறார். ஆனாலும் பத்தாம் வகுப்புத் தேர்வில் தோல்வி. அவர் இரண்டு படி ஏறியது உண்மை. வேலைக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதும் உண்மை. இரண்டையும் பள்ளி பார்க்க வேண்டும்.

சின்னப் பள்ளிக்கு ஒரு பலம் உண்டு. ஆசிரியருக்கு எல்லார் பெயரும் தெரியும். ஒருவர் வராவிட்டால் அன்றைக்கே விசாரிக்கலாம். "ஏன் வரவில்லை?" என்று அதட்டாமல், "என்ன கஷ்டம்?" என்று கேட்கலாம். தன்னைத் தேட ஓர் ஆள் உண்டு என்று தெரிந்தால் கால் பள்ளிப் பக்கம் திரும்பும்.

இன்று அமெரிக்காவில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் சார்ட்டர் பள்ளிகள் உண்டு. சில நன்றாக நடக்கின்றன. சில மூடப்பட்டுவிட்டன. பெயர்ப் பலகை மாறினால் மட்டும் படிப்பு வந்துவிடாது.

பேசிப் பாருங்கள்:
1. உங்கள் ஊரில் படிப்பை விட்ட பிள்ளைகள் யார்?
2. அவர்களைத் தேடிப் போய்க் கேட்டவர் உண்டா?