பெயர் தெரியாத பவளத்தை அடையாளம் காண

பள்ளிவாசல் என்ற மலையூரின் தேயிலைச் சரிவில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர் முதலில் குளிரைக் கவனிக்க வேண்டும். மார்கழி, தை இரவுகளில் நீர் குளிர்ந்துவிட்டால் பவளத்தின் சிற்றுயிர்களான பாலிப்புகள் சுருங்கிக்கொள்ளும். சுருங்கியதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஹீட்டர் போட்டு, நீர் 25, 26 டிகிரியில் ஓரிரு நாள் நிலைத்த பிறகு பார்க்க உட்காருங்கள்.

வெறுங்கையால் தொடாதீர்கள். பாறையில் பொத்தான் பொத்தானாக ஒட்டியிருக்கும் சோவாந்திட்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறை, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இரண்டும் வேண்டும். அவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைக்கவே கூடாது. ஆவியைச் சுவாசித்தவர்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

பல பவளங்கள் இரவில்தான் இழைகளை நீட்டும். தொட்டி விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் முகப்பில் சிவப்புத் தாள் ஒட்டிப் பாருங்கள். ஒரு பாலிப்பின் இழைகளை எண்ணுங்கள். எட்டு இழை, அதிலும் இறகுபோல ஓரம் பிரிந்திருந்தால் மென்பவளம். மழமழப்பான இழைகள் ஏராளமாக இருந்தால் பெரும்பாலும் கல் பவளம், சோவாந்திட், கடல் சாமந்தி மூன்றில் ஒன்று. பிளாஸ்டிக் குச்சியால் அடியை மெல்லத் தொடுங்கள். கல்லாகத் தட்டுப்பட்டால் கல் பவளம். சட்டென்று துளைக்குள் முழுதாகப் பதுங்கினால் பெரும்பாலும் ஐப்டேசியா. அது பவளமே அல்ல, கடல் சாமந்தி. விட்டுவைத்தால் தொட்டி முழுக்கப் பரவும்.

கல் பவளத்தில் பாலிப்பு குடியிருக்கும் கிண்ணங்கள்தான் முகவரி. கிளை நுனியில் தனியாக ஒரு கிண்ணம் நின்றால் அக்ரோபோரா. ஊசித்துளை போன்ற சிறு கிண்ணங்கள் நெருங்கியிருந்தால் பொரைட்டிஸாக இருக்கலாம். கிண்ணங்கள் நீண்டு, மூளை மடிப்புபோல வளைந்து ஓடினால் பிளாட்டிகைரா பக்கம் தேடுங்கள். தேன்கூடுபோல இருந்தால் சுவரைப் பாருங்கள்: இரண்டு கிண்ணங்களுக்கும் ஒரே சுவர் என்றால் ஃபேவைட்டிஸ், தனித்தனிச் சுவரும் நடுவில் பள்ளமும் இருந்தால் டிப்சாஸ்ட்ரேயா.

நிறத்தை நம்பாதீர்கள், வெளிச்சம் மாறினால் அதுவும் மாறும். நீல விளக்கில் எடுத்த படம் ஏமாற்றும். வெள்ளை வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து, மேலிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுங்கள்.

அக்ரோபோரா போன்ற பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வது நேர்மை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கல் பவள இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றைப் பிரித்தறிய எலும்புக்கூட்டை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும்.

கல் பவளம் என்று தெரிந்ததும், அது எந்தக் கடலிலிருந்து வந்தது என்று விற்றவரைக் கேளுங்கள். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். செத்த பவளத்துக்கும் இது பொருந்தும். நம் கடலிலிருந்து வந்ததென்று சந்தேகம் வந்தால், துண்டு வெட்டி நண்பருக்குக் கொடுக்காமல் வனத்துறையிடம் சொல்லுங்கள்.