எண்ணெய் எரிபொருளாகும் விதமும் அதன் கணக்கும்

நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், தணிக்கையின்போது செலவுத் தலைப்புகளைப் புரட்டினால் வண்டிச் செலவு ஆண்டுக்காண்டு பருத்து வருவதைக் காணலாம். நூல் கொண்டுவரவும் சேலை வேட்டிகளை விற்பனை நிலையத்தில் சேர்க்கவும் ஒரு சரக்கு வண்டி வேண்டியிருக்கிறது. கடலையையும் நெல்லையும் ஏற்றிச் செல்ல இன்னொன்று. இவற்றுக்கான டீசலை எண்ணெயிலிருந்து நாமே செய்துகொள்ளலாகாதா என்று பொதுச்சபைக் கூட்டங்களில் அங்கத்தினர் சிலர் வினவுகின்றனர். ஒரு சங்கத்தில் இதற்கெனக் கொதிகலன் வாங்கச் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கலாம் என்ற பிரேரணையே வந்துவிட்டது. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமாகிறது.

கேள்வி நகைக்கத்தக்கதன்று. டீசல் எஞ்சினுக்குத் தம் பெயரைத் தந்த ருடால்ப் டீசலின் காலத்திலேயே, 1900 ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், ஒரு சிறிய டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. 1938 இல் பெல்ஜியம் நாட்டில் பிரஸ்ஸல்ஸ் நகருக்கும் லூவேன் நகருக்கும் இடையே ஒரு பஸ், பனை எண்ணெயைச் சாராயத்துடன் சேர்த்து மாற்றிய எரிபொருளில் ஓடியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது நம் நாட்டிலேயே பஸ்கள் பின்புறத்தில் அடுப்பைச் சுமந்துகொண்டு கரி வாயுவில் ஓடியதை முதியோர் சொல்லக் கேட்டிருப்போம். தேவை நெருக்கியபோதெல்லாம் மனிதன் நிலத்தில் விளைந்ததை வண்டியில் எரித்திருக்கிறான். நெருக்கடி நீங்கியதும் அவற்றை அநேகமாகக் கைவிட்டதற்கும் காரணங்கள் உண்டு.

முதலில், எண்ணெயை அப்படியே டீசல் தொட்டியில் ஊற்றினால் என்ன? எஞ்சின் ஓடும், சில நாட்கள் நன்றாகவே ஓடும். தாவர எண்ணெய் டீசலைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு குழகுழப்பானது. டீசலை மெல்லிய பனிபோலச் சிதறடிப்பதற்கென்று அமைந்த இன்ஜெக்டர், எண்ணெயைத் துளிகளாகவே தெளிக்கும். துளி முழுதும் எரியாது. எரியாத பகுதி இன்ஜெக்டர் முனையிலும் பிஸ்டன் வளையங்களிலும் கரியாக ஒட்டும். மீதி உயவு எண்ணெயில் இறங்கி அதைக் கூழாக்கும். நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில் பலகாரக் கடையில் கழித்த எண்ணெயை வடிகட்டி ஊற்றிச் சரக்கு வண்டியை ஓட்டியிருந்தனர். மூன்று மாதத்தில் மிச்சமான டீசல் தொகையைக் காரியதரிசி பெருமையுடன் காட்டினார். நான்காம் மாத வவுச்சரில் பம்பும் இன்ஜெக்டர்களும் மாற்றிய செலவு இருந்தது. அது அந்த மிச்சத்தை விழுங்கி, அதற்கு மேலும் சென்றிருந்தது.

ஆகையால் எண்ணெயின் இயல்பை மாற்றவேண்டும். எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கிளிசரின் தண்டில் மூன்று கொழுப்பு அமிலக் கிளைகள் தொங்குவது போன்ற அமைப்புடையது. அதன் கனத்துக்கும் குழகுழப்புக்கும் இதுவே காரணம். மெத்தில் ஆல்கஹால் எனப்படும் மெத்தனாலை, காஸ்டிக் சோடாவின் துணையுடன் எண்ணெயில் சேர்த்தால், மூன்று கிளைகளும் தண்டைவிட்டுப் பிரிந்து ஆல்கஹாலுடன் தனித்தனியே இணைகின்றன. இவ்வாறு கிடைக்கும் மெல்லிய திரவமே பயோடீசல். கழன்ற தண்டு கிளிசரினாக அடியில் தங்குகிறது. காஸ்டிக் சோடா நம் சாயச்சாலை அங்கத்தினர்க்குப் புதியதன்று. வாட் சாயம் கரைக்க அவர்கள் நாள்தோறும் கையாளும் அதே பொருள்தான்; கையில் பட்டால் என்ன செய்யும் என்று அவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அளவு முறை இது. புதிய எண்ணெய் 1 லிட்டருக்கு மெத்தனால் 200 மில்லி, காஸ்டிக் சோடா 3.5 கிராம். எண்ணெயில் நீர் இருத்தல் ஆகாது. முன்னதாகவே காய்ச்சி நீரைப் போக்கி ஆறவிடவேண்டும். சோடாவை முதலில் மெத்தனாலில் கரைத்து, 55 டிகிரி வரை வெதுவெதுப்பாக்கிய எண்ணெயில் சேர்த்து, மூடிய பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கலக்கவேண்டும். மெத்தனால் 65 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும் என்பதால் சூடு மிகலாகாது. அடுப்புத் தீ அருகில் இருக்கவே கூடாது. ஓர் இரவு அசையாமல் வைத்தால் பழுப்புக் கிளிசரின் அடியில் படியும். அதை வடித்துவிட்டு, மேலே உள்ளதை நீர்விட்டுப் பலமுறை அலசி, உலர்த்தவேண்டும்.

பயன்படுத்திய எண்ணெயாயின் ஒரு சோதனை கூடுதலாக வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் தனியே பிரிந்து நிற்கும். அது சோடாவை வாங்கிச் சோப்பாகிவிடும். எனவே 1 லிட்டர் வடிநீரில் 1 கிராம் சோடா கரைத்துக்கொண்டு, 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கலந்த 1 மில்லி எண்ணெயில் அக்கரைசலைச் சிறிது சிறிதாக விடவேண்டும். நிறங்காட்டிக்காகக் கடைக்கு அலையவேண்டியதில்லை. ஆல்கஹாலில் ஊறிய மஞ்சள்தூளின் சாறு சில சொட்டுப் போதும். காரம் மிஞ்சியவுடன் மஞ்சள் நிறம் சிவக்கும். எத்தனை மில்லி கரைசல் செலவாயிற்றோ, லிட்டருக்கு அத்தனை கிராம் சோடா கூடுதலாகச் சேர்க்கவேண்டும். 2 மில்லி சென்றால் 3.5 உடன் 2 சேர்த்து 5.5 கிராம். 5 மில்லிக்கு மேல் போகும் எண்ணெயை வாங்காதிருப்பதே நன்று. தொட்டியெல்லாம் சோப்பாகிப் பிரிக்க முடியாமல் போகும்.

செய்த எரிபொருள் தேறியதா என்று அறிய இரண்டு எளிய வழிகள் உள்ளன. கண்ணாடிப் புட்டியில் பாதி நீரும் பாதி எரிபொருளும் விட்டு நன்றாகக் குலுக்கி வைக்க, அரை மணிக்குள் இரண்டும் தெளிவாகப் பிரிந்தால் சோப்பு இல்லை. மோர்போல் நின்றால் அலசல் போதவில்லை. மற்றொன்று, 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி எரிபொருளை விட்டுக் கலக்குவது. முழுதும் கரைந்தால் மாற்றம் நிறைவுற்றது. அடியில் எண்ணெய் தங்கினால் பாதி எண்ணெயாகவே இருக்கிறது என்று பொருள்.

இதுவரை சொன்னதைப் படித்தவர்க்கு வேலை எளிதென்றே தோன்றும். ஒரு சிறு புட்டியளவில் அது எளிதுதான். சங்கத்தின் அளவில் செய்யப் புகும்போதே பெரிய இடர் எழுகிறது. அந்த இடர் மெத்தனால்.

ஒரு வண்டி நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் ஓடுவதாகக் கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருமாயின் ஆண்டுக்கு 800 லிட்டர் எரிபொருள் வேண்டும். அதற்கு மெத்தனால் மட்டும் 160 லிட்டர். அத்தனையும் சங்கத்தின் கிடங்கில் இருக்கவேண்டிய சரக்கு. நிறமற்றது, குடிக்கும் சாராயத்துக்கும் அதற்கும் கண்ணாலோ மூக்காலோ வேறுபாடு காண்பது அரிது. 10 மில்லியே பார்வையைப் பறிக்கக்கூடும். 30 மில்லி உயிரையே வாங்கக்கூடும். அதன் சுவாலை பகலில் கண்ணுக்குப் புலப்படாது. 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கற்பட்டுப் பகுதிகளிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் நிகழ்ந்த மரணங்கள் இந்தப் பொருளால் விளைந்தவையே. கள்ளக்குறிச்சியில் மட்டும் இறந்தோர் 60 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் 1959 ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெறவேண்டும். உரிமமின்றி ஒரு பீப்பாயைக் கொண்டுவந்து நூல் கட்டுகளுக்கு நடுவே வைக்கும் நிர்வாக சபை, எரிபொருள் சிக்கனத்துக்காக அங்கத்தினரின் உயிரைப் பணயம் வைக்கிறது. கிடங்குச் சாவி எத்தனை பேர் கையில் புழங்குகிறதென்பது ஒவ்வொரு சங்கத்துக்கும் தெரியும்.

கழிவும் ஒரு பிரச்சினை. 100 லிட்டர் எண்ணெய்க்கு 15 முதல் 20 லிட்டர் வரை அடிமண்டி விழும். அதில் மெத்தனாலும் சோடாவும் கலந்திருப்பதால் மாட்டுக்கும் ஆகாது, அப்படியே சோப்பாக்கவும் ஆகாது. அலசிய நீரும் காரமும் சோப்பும் கலந்ததே. சாயக் கழிவுநீர் காரணமாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நெசவாளர் மறந்திருக்க மாட்டார்கள். வாய்க்காலில் விட்டுவிடலாம் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

அடுத்தது மூலப்பொருள். கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் எரிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவற்றின் விலை டீசலின் விலையைவிட மிகவும் உயர்ந்தது. காட்டாமணக்கின் கதை நம் விவசாயிகள் அறிந்தது. 2003 இல் திட்டக் குழுவின்கீழ் அமைந்த ஒரு குழு அதனைத் தரிசு நிலத்தின் செல்வமாக முன்னிறுத்தியது. 2009 ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை, 2017 க்குள் டீசலில் 20 சதவீதம் கலப்பு என்று குறி வைத்தது. 2018 ஆம் ஆண்டுக் கொள்கையிலோ அக்குறி 2030 க்குள் 5 சதவீதம் என்று இறங்கிவிட்டது. நீரின்றிச் செடி பிழைக்கும் என்பது உண்மை. நீரின்றிக் காய்க்கும் என்று அதிலிருந்து முடிவு கட்டியதே தவறு. காட்டாமணக்குப் பிண்ணாக்கு நஞ்சாதலால் கால்நடைக்கும் உதவவில்லை. தமிழ்நாட்டில் நட்டவர் பலர் பிடுங்கிவிட்டனர்.

புங்கு அவ்வாறன்று, நம் ஊர் மரம், ஆனால் அதையும் கணக்கிட்டே பார்க்கவேண்டும். கிராமச் செக்கில் 1 லிட்டர் புங்க எண்ணெய்க்கு ஏறத்தாழ 4 கிலோ விதை பிடிக்கும். மேற்சொன்ன 800 லிட்டருக்கு 3,200 கிலோ விதை. ஒரு மரத்துக்கு 10 கிலோ என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒரே வண்டிக்கு 320 மரம். நட்டுக் காய்ப்புக்கு வர நாலைந்து ஆண்டுகளாவது ஆகும். விதை பொறுக்கும் கூலியையும் செக்குக் கூலியையும் சேர்த்தால் எண்ணெய் செக்கைவிட்டு இறங்கும்போதே அதன் அடக்கம் டீசல் விலையை எட்டிப் பார்க்கும். வரப்பிலும் வேலியிலும் ஏற்கெனவே நிற்கும் மரங்களின் விதையைச் சேகரித்து, பிண்ணாக்கைத் தம் வயலுக்கு எருவாக வைத்துக்கொண்டு, எண்ணெயைச் சோப்புக்கும் தோல் பதனிடவும் வாங்குவோர்க்கு விற்பதே அதிக லாபம் என்பது என் அபிப்பிராயம்.

வண்டியின் தரப்பையும் கேட்கவேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வகை வண்டிகளில் எரிபொருள் மிகுந்த அழுத்தத்தில் பாய்கிறது. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் உள்ளது. அவ்வடிகட்டியைச் சுத்திகரிக்கத் தெளிக்கும் எரிபொருளில் பயோடீசல் மிகுந்தால், அது ஆவியாகாமல் உயவு எண்ணெயில் இறங்கும். கைப்புத்தகத்தில் அனுமதித்த சதவீதத்துக்கு மேல் இவற்றில் கலக்கலாகாது. பழைய டிராக்டரும் மெதுவாகச் சுழலும் பம்பு செட்டும் கூடுதலாகப் பொறுக்கும். ஆனால் பழைய தொட்டியில் படிந்த அழுக்கைப் பயோடீசல் கரைத்துக் கொணர்வதால் முதல் சில வாரங்களில் பில்டரை அடிக்கடி மாற்றவேண்டும். பழைய ரப்பர்க் குழாய்கள் உப்பிக் கசியும். லிட்டருக்கு ஓடும் தூரமும் சற்றுக் குறையும்.

சாராயத்தைக் காய்ச்சிப் பெட்ரோலில் கலப்பதைப் பற்றி ஓர் அன்பர் எழுதிக் கேட்டிருந்தார். அதற்கு மதுவிலக்குச் சட்டமே விடை. சாண எரிவாயு அடுப்புக்கும் பம்புக்கும் சிறந்தது. வண்டிக்கு ஏற்றச் சுத்திகரித்து அழுத்தவேண்டுமாதலால் சிறு சங்கத்தின் சக்திக்கு மேற்பட்டது.

பிறகு சங்கம் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? ஒன்று உண்டு, அது கொதிகலனில் இல்லை. உணவு வறுத்த எண்ணெயில் தீய பொருள்கள் 25 சதவீதத்தை மிஞ்சினால் அதை மீண்டும் சமையலுக்கு உபயோகிக்கலாகாதென்ற விதி 2018 ஜூலை முதல் அமலில் உள்ளது. அந்த ஆண்டிலேயே இவ்வெண்ணெயைத் திரட்டிப் பயோடீசலாக்கும் மத்திய அரசின் முயற்சியும் தொடங்கியது. ஆயினும் சிற்றூர்ப் பலகாரக் கடைகளில் கழித்த எண்ணெய், குறைந்த விலைக்குக் கைமாறி மீண்டும் ஏழையின் தட்டுக்கே வருகிறது. கடைகளிலும் விடுதிகளிலும் திருமண மண்டபங்களிலும் இதனைத் திரட்டி, பதிவுபெற்ற பயோடீசல் உற்பத்தியாளருக்கு விற்பது சங்கம் செய்யத்தக்க தொழில். அதற்கு மெத்தனால் வேண்டாம். சில பீப்பாய்கள், ஒரு தராசு, மேற்கூறிய மஞ்சள் சோதனை போதும். துணை விதிகளில் இதற்கு இடமுண்டா என்று முதலில் பார்த்து, இல்லையெனில் திருத்தத்துக்கு எழுதவேண்டும். சேமநிதியைத் தொடவேண்டியதில்லை.

விலை வைப்பதில் பால் சங்கத்தின் வழியைப் பின்பற்றலாம். அங்கே கொழுப்புக்கேற்ப விலை போல, இங்கே சோதனையில் செலவான மில்லிக்கேற்ப விலை. 2 மில்லிக்குள் ஒரு விலை. 2 முதல் 5 வரை அதனினும் குறைந்த விலை. அதற்கு மேற்பட்டதைச் சோப்புக்காரருக்கென்று தனிப் பீப்பாயில் வாங்கலாம். பதிவேட்டில் தேதி, கடை, எடை, நீர் இருந்ததா இல்லையா, மில்லி எண், கொடுத்த தொகை, கடைக்காரர் கையொப்பம் என ஏழு பத்திகள் வேண்டும். பீப்பாய் நிறைந்து விற்கும் நாளில், வாங்கிய எடைக்கும் விற்ற எடைக்கும் உள்ள வித்தியாசத்தை அதே பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதி, தலைவர் கையொப்பமிடவேண்டும்.