மட்டக் கருவி வாங்குமுன்

வாய்க்கால் வெட்டவும், வயலைச் சமன் செய்யவும் மட்டம் பார்க்கும் லெவல் கருவி இன்றியமையாதது. உழவர் தனித்தனியே வாங்குவதைவிடச் சங்கம் ஒன்றை வாங்கி, அங்கத்தினர்க்கு முறைவைத்து வழங்குவதே சிக்கனமாகும். பொதுப் பணத்தில் வாங்கும் பொருளாதலின், நிர்வாகக் குழுவினர் மூன்று செய்திகளைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவது, கருவியின் வகை. பழைய டம்பி லெவலில் ஒவ்வொரு பார்வைக்கும் ரசமட்டக் குமிழியைக் கவனித்துத் திருத்த வேண்டும். ஆட்டோ லெவலில் வட்டக் குமிழியை நடுவில் நிறுத்தினால் போதும்; உள்ளே தொங்கும் உறுப்பு பார்வைக் கோட்டைத் தானே மட்டமாக்கிவிடும். புதிதாகப் பழகுவோர்க்கு இதுவே ஏற்றது.

இரண்டாவது, சோதனை. 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகளை அடியுங்கள். கருவியைச் சரிநடுவில் நிறுத்தி, முளைகளின்மேல் அளவுகோலை வைத்துப் பாருங்கள். 1.500, 1.320 மீட்டர் என வந்தால், உயர வேறுபாடு 0.180 மீட்டர். பின்னர்க் கருவியை ஒரு முளையின் அருகே வைத்துப் பாருங்கள். அதே வேறுபாடு வந்தால் கருவி செம்மையானது. 0.168 என வந்தால் 12 மில்லிமீட்டர் பிழை உண்டு. இது சிறிதன்று, 2,000-க்கு 1 வீதம் சரியும் வாய்க்கால், 60 மீட்டரில் 30 மில்லிமீட்டரே தாழும். விலையில் ஒரு பகுதியை இச்சோதனை முடிந்தபின் தருவதாக முன்னரே பேசிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விற்றபின் கிடைக்கும் உதவி. விற்கும்போது இனிக்கப் பேசுவோர், பழுது நேர்ந்தபின் கடிதத்திற்கும் விடை தாராதிருப்பதுண்டு. கருவி மாதக்கணக்கில் முடங்கினால் பருவம் தவறிவிடும். ஆதலின், உத்தரவாதக் காலம், பழுது பார்க்கும் இடம், திருப்பித் தரும் நாள், அனுப்புஞ் செலவு யாருடையது என்பவற்றை எழுத்தில் பெறுக. ரசீதில் கருவியின் வரிசை எண் இருத்தல் வேண்டும்.

வாக்குத் தவறினால், சோதனையில் கண்ட எண்களைக் குறித்து விரைவுத் தபாலில் எழுதுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கூட்டுறவுச் சங்கமும் தன் மாவட்ட ஆணையத்தில் இரண்டாண்டுகளுக்குள் முறையிடலாம். வாணிப நோக்கத்திற்கு வாங்கிய பொருள் இதில் அடங்காது. எனவே அங்கத்தினரின் சொந்தச் சாகுபடிக்கென வாங்குவதைத் தீர்மானத்தில் எழுதிவைப்பது நலம்.

அதுவரை வேலை நிற்க வேண்டுவதில்லை. கருவியைத் தாமே பிரிக்காமல், பார்க்கும் இரண்டு இடங்களுக்கும் சரிநடுவில் நிறுத்தி அளந்தால், பிழை இருபுறமும் சமமாகி நீங்கிவிடும். இதனை அறிந்த சங்கம், விற்றவரின் தயவை எதிர்நோக்கிப் பருவத்தை இழக்க நேராது.