பறவையை அணுகும் முறை

காரைக்கால்

அருமைப் பேத்திக்குத் தாத்தா ஆசீர்வதித்து எழுதுவது.

புதுக் காமிராவுடன் கோடை விடுமுறைக்கு நீ இங்கே வரப்போவதையும், தோட்டத்துப் பறவைகளை மிக அருகில் படமெடுக்க இன்னும் நீண்ட லென்ஸ் வேண்டுமா என்று கேட்டிருப்பதையும் படித்து மிகவும் சந்தோஷமடைந்தேன். லென்ஸின் குணதோஷங்களைக் கடைக்காரர் சொல்வார். பறவை தானாக உன் அருகில் வரச் சம்மதிக்கும்படி நடந்துகொள்வது எப்படி என்பதையே நான் சொல்ல விரும்புகிறேன்.

பறவையைத் தொடர்ந்து போகாதே. அது வழக்கமாக வரும் இடத்தை அறிந்து, அதற்கு முன்பே அங்கே போய், காலை வெயில் உன் முதுகில் படும்படி அசையாமல் உட்கார்ந்திரு. கிணற்றடிச் செம்பருத்தியைத் தேடித் தேன்சிட்டு வருவதும், துவைக்கிற கல்லருகே தேங்கிய நீரில் கொண்டைக்குருவி குளிப்பதும், வேலியோரச் சருகுகளைத் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகப் புரட்டுவதும் எந்தெந்த வேளையில் என்பதை முதல் சில நாட்கள் காமிரா இல்லாமலே கவனித்துக் குறித்துக்கொள். அதன்பின் படமெடுப்பது சுலபம்: பறவையின் கண்ணில் ஃபோகஸ் இருக்கட்டும், தரையில் மேயும் பறவைக்கு நீயும் தரையோடு தாழ்ந்துகொள், பூவின்முன் சிறகடிக்கும் தேன்சிட்டுக்கு ஷட்டர் விநாடியில் 1000-ல் ஒரு பங்கோ அதனினும் குறைவாகவோ திறந்தால் போதும்.

நம் ஊர் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்து, 1782-ல் தம் யாத்திரை நூலை வெளியிட்ட சொன்னராவைப் போன்ற இயற்கை சாஸ்திரிகள், பறவையைக் கொன்று பதம்செய்துதான் ஆராய முடிந்தது. உயிருக்குத் தீங்கின்றி அதே அறிவைப் பெறும் பாக்கியம் உனக்கு வாய்த்திருக்கிறது. பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி 1930-ல் பம்பாய்க்கு அருகே கிஹிம் கிராமத்தில் தூக்கணாங்குருவிகளை இடைவிடாது கவனித்திருந்ததனால்தான், ஆண் பாதி கட்டிய கூட்டைப் பெண் சோதித்து ஏற்றுக்கொள்வதும், பிறகு அந்த ஆண் வேறொரு கூட்டைத் தொடங்கி இன்னொரு பெண்ணை அழைப்பதும் தெளிவாயின. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன், தாமே பாகங்களைச் சேர்த்து அமைத்த காமிராவில் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்து, 1950 முதல் 1996-ல் காலமாகும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் எழுதிவந்த இயற்கைக் குறிப்புகளில், காட்டு யானைக்குக் காட்டிய சிரத்தையை வீட்டுப்புறத்துக் காக்கைக்கும் அணிலுக்கும் குறைக்கவில்லை. இவ்விருவருக்கும் உபகரணத்தைவிடப் பொறுமையே பெரிய மூலதனம்.

இரண்டு காரியங்களை மட்டும் எக்காரணத்தாலும் செய்யாதே. குண்டுகரிச்சான் கோடையில் பாடுவது தன் எல்லையைக் காக்கவும் துணையை அழைக்கவும் ஆகையால், கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டால், எதிரி புகுந்துவிட்டதென்று பதறி, குஞ்சுகளுக்கு இரை தேடும் நேரத்தை அந்த எதிரியைத் தேடுவதில் வீணாக்கும். தையல்சிட்டு இலைகளைத் தைத்து அமைத்த கூட்டைக் காண்பதற்காக, மறைத்திருக்கும் கிளையை ஒதுக்கினாயானால், குஞ்சுகளை வெயிலுக்கும் காக்கைக்கும் செம்போத்துக்கும் காட்டிக்கொடுத்தவளாவாய். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் கூட்டைக் குலைப்பதையும் வேட்டை என்றே கணக்கிடுகிறது. கூடு கண்ணில் பட்டால் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு விலகிவிடு. அந்தப் படம் இல்லாததனால் உனக்கு யாதொரு குறைவும் இல்லை.

எடுத்த படத்தின் அழகைப் பலரும் புகழலாம். ஆனால் நீ உன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: நீ வந்ததற்காகவும் போனதற்காகவும் அந்தப் பறவை தன் வேலையை நிறுத்தியதா? இல்லை என்று உன்னால் சொல்ல முடிந்தால், படம் சற்று மங்கலாக இருந்தாலும் அதை எனக்குக் கொண்டுவந்து காட்டு. அதையே நல்ல படம் என்பேன்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
தாத்தா