அரபு அரசியலை ஆராய்ந்த அஜமி

கேள்வி: ஈராக் போர் பற்றிய கட்டுரைகளில் அடிபடும் ஃபுவாத் அஜமி யார்?

பதில்: ஃபுவாத் அஜமி 1945இல் தெற்கு லெபனானின் அர்னூன் என்னும் மலைக்கிராமத்தில், ஷியா குடும்பத்தில் பிறந்தவர். முன்னோர் ஈரானிலிருந்து வந்தவர்கள். 'அஜமி' என்றால் அரபியில் பாரசீகன், அரபு அல்லாதவன் என்று பொருள். அரபு உலகத்தையே ஆராய்ந்தவருக்கு இப்படியொரு குடும்பப் பெயர்!

1963இல் அமெரிக்கா சென்றார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பிரின்ஸ்டனில் ஆசிரியரானார். 1980இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'தி அரப் பிரெடிகமென்ட்' அவருக்குப் புகழ் தேடித் தந்தது. 1967 போரில் இஸ்ரேலிடம் தோற்றபின் அரபு தேசியவாதம் ஏன் நொறுங்கியது என்பதை ஆராய்ந்த நூல் அது. பழியை அயலார்மேல் போடாமல், அரபுச் சமூகத்துக்குள்ளேயே காரணம் தேடினார். 1982இல் மக்ஆர்தர் நல்கை கிடைத்தது. 1978இல் லிபியாவில் காணாமல்போன மதத் தலைவர் மூஸா அல் ஸதர் பற்றிய நூலை 1986இல் எழுதினார். எழுத்தழகில் அதற்கே முதலிடம் தரலாம்.

2003 ஈராக் படையெடுப்பை அவர் உறுதியாக ஆதரித்தார். அமெரிக்கப் படையை பாஸ்ராவும் பாக்தாதும் மகிழ்ந்து வரவேற்கும் என்ற அவரது கணிப்பைத் துணை அதிபர் டிக் செனி 2002இல் மேடையில் எடுத்துச் சொன்னார். நடந்தது வேறு. பாலஸ்தீன-அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ஸயீத் போன்றோர் அவரைக் கடுமையாகச் சாடினர். அவரோ நிலைப்பாட்டைக் கைவிடவில்லை.

2011இல் ஹூவர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 2014 ஜூன் 22 அன்று புற்றுநோயால் காலமானார்.